நொண்டிய காளைக் கன்றும் கழிந்த கிடாரிக் கன்றும்: ஒரு தொழுவத்து நிகழ்வு ஆய்வு

இளங்கன்றுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்த மருந்து, எத்தனை மில்லி என்றுதான் தொடங்குகிறோம். எந்தக் கன்றுக்கு என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து கிராமம் ஒன்றில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த நாட்களில், ஒரே தொழுவத்தில் இரண்டு கன்றுகளைச் சேர்த்துப் பார்க்க நேர்ந்தது. ஒன்றுக்கு மூன்று நாளாக ஊசி போடப்பட்டிருந்தது. அதற்கு ஊசியே தேவையில்லை. மற்றதற்கு ஒரு சொட்டு மருந்துகூடப் போகவில்லை. அதற்கு மூன்று வாரம் தேவைப்பட்டது. களத்தில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது என்பதால் முழுமையாக எழுதி வைக்கிறேன்.

தொழுவமும் அழைப்பும்

ஆறு கறவை மாடுகள், எல்லாம் ஜெர்சி கலப்பினம். பால் ஊர்ச் சொசைட்டிக்குப் போகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் மாடுகள் நிற்கும் பாதிக்கு சிமெண்டுத் தரை. கன்றுகளைக் கட்டும் பாதி மண் தரை. சாரல் அடித்து மண்ணும் மூத்திரமும் சாணமும் குழைந்து கிடந்தன. மாடுகளைப் பார்த்துக்கொள்வது வீட்டு அம்மாதான். கணவர் விவசாயக் கூலிக்குப் போகிறவர்.

அழைத்தது கிடாரிக் கன்றுக்காக. "மூன்று நாளாகக் கழிகிறது, சார். ஊசி போட்டும் நிற்கவில்லை. இதைவிட நல்ல ஊசியாகப் போடுங்கள்" என்றார். சினை ஊசி போட வருகிற ஒருவர் தினமும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கிறார். மருந்துக் கடையில் வாங்கிய சல்ஃபா போலஸ் (பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்தின் பெரிய மாத்திரை) ஒன்றை உடைத்துப் பாதியைக் காலையிலும் மீதியை மாலையிலும் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். அது பெரிய மாட்டுக்கான போலஸ்.

கொட்டகையின் மூலையில் இன்னொரு கன்று படுத்திருந்தது. காளைக் கன்று. வலது முன்னங்காலில் முட்டியைச் சுற்றிப் புளியும் உப்பும் அரைத்துப் போட்ட பற்று காய்ந்து வெடித்திருந்தது. "அதற்கு என்ன, அம்மா?" என்று கேட்டேன். "தாய் மிதித்துவிட்டது, சார். பற்றுப் போட்டிருக்கிறோம், இரண்டு நாளில் சரியாகிவிடும்." காளைக் கன்றுக்கு டாக்டரைக் கூப்பிடும் வழக்கம் எங்கள் பக்கம் குறைவு. டிராக்டர் வந்த பிறகு கலப்பினக் காளைக் கன்றுக்குப் பண்ணையில் வேலையும் இல்லை, விலையும் இல்லை. அதனால் அதற்குச் சீம்பாலும் குறையும், கவனிப்பும் குறையும். இந்தக் குறைகளை நோய் சரியாகக் கண்டுபிடித்துவிடும்.

கிடாரிக் கன்று: 9 நாள் வயது

டேப் வைத்து அளந்ததில் எடை சுமார் 26 கிலோ. உடல் வெப்பம் 101.8 டிகிரி ஃபாரன்ஹீட். கன்றுக்கு இது இயல்பு. மஞ்சளாக, தண்ணீராகக் கழிச்சல். ரத்தமோ சளிச் சவ்வோ இல்லை. வாலும் பின்தொடையும் நனைந்து முடி ஒட்டியிருந்தது. ஆனால் கன்று நின்றுகொண்டிருந்தது, என்னைப் பார்த்துக் காதை அசைத்தது. வாய்க்குள் விரலை விட்டதும் சூடாக, வலுவாகச் சப்பியது. இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கழிகிற கன்றிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வாய் குளிர்ந்து, விரலைச் சப்ப மறந்த கன்று வேறு ரகம்.

நீரிழப்பை அளக்கக் கண்ணைப் பார்க்க வேண்டும். கீழிமையை மெல்ல இழுத்து, கண்ணுருண்டைக்கும் இமையின் உள்மூலைக்கும் நடுவே விழுந்திருக்கும் இடைவெளியை மில்லிமீட்டரில் மதிப்பிட்டு, அதை 1.7 ஆல் பெருக்கினால் உடல் எடையில் எத்தனை சதவீதம் நீர் போயிருக்கிறது என்பது ஏறத்தாழத் தெரியும். இங்கே 3 மில்லிமீட்டர். அதாவது 5 சதவீதம், சுமார் 1.3 லிட்டர். 8 சதவீதத்தைத் தாண்டினால் நரம்பு வழியாகத்தான் திரவம் ஏற்ற வேண்டும். இந்தக் கன்றுக்கு வாய்வழியே போதும்.

இங்கே ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொன்னேன். அம்மாவின் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. நின்றுகொண்டு, பால் குடித்துக்கொண்டு, காய்ச்சல் இல்லாமல் கழிகிற கன்றுக்கு ஊசி பயன் தராது என்று சொல்லிப் புரியவைப்பது, ஊசி போடுவதைவிட அதிக நேரம் பிடிக்கிற வேலை.

வயதே பாதி விடையைச் சொல்லிவிடும். பிறந்து நான்கைந்து நாட்களுக்குள் வரும் தண்ணீர்க் கழிச்சலில் ஈ.கோலை பாக்டீரியாவின் கே99 வகைக்குப் பெரும்பங்கு உண்டு. ஐந்தாம் நாளிலிருந்து மூன்றாவது வாரம் வரை ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஆகியவை முன்னுக்கு வருகின்றன. மூன்று வாரம் தாண்டினால் ரத்தக்கழிச்சல் என்று நாம் சொல்லும் காக்சிடியாவை நினைக்க வேண்டும். எருமைக் கன்றாக இருந்தால் தாய்ப்பால் வழியாகவே வந்து சேரும் உருண்டைப்புழுவை மறக்கவே கூடாது. 9 நாள் கன்றின் கழிச்சலுக்கு வைரஸோ ஒட்டுண்ணியோ காரணமாக இருக்கும் வாய்ப்பே அதிகம்; அவற்றை என்ரோஃப்ளாக்சசின் ஒன்றும் செய்யாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கழிச்சலோடு காய்ச்சலோ சோர்வோ இருந்தால், சப்பும் உணர்வு போய்விட்டால், சாணத்தில் ரத்தம் வந்தால், ஆன்டிபயாடிக் போடத் தயங்கக் கூடாது. இப்படி உடல் முழுக்கத் தளர்ந்து, கழிச்சலோடு வட அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த கன்றுகளின் ரத்தத்தை வளர்த்துப் பார்த்த ஆய்வுகளில், பத்தில் மூன்று அளவுக்கு ரத்தத்திலேயே பாக்டீரியா இருந்தது. அந்தக் கன்றுகளுக்கு ஊசி உயிர் காக்கும். இந்தக் கிடாரி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல.

சல்ஃபா போலஸ் பற்றி ஒரு வார்த்தை. உடலில் நீர் வற்றிய கன்றின் சிறுநீரகத்தில் சல்ஃபா படிகமாகப் படியும். கழிச்சலுக்கென்று கொடுக்கிறோம், கழிச்சலால் நீர் வற்றிய அதே கன்றின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கிறோம். 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தடை செய்யப்படும் வரை அதுவும் கழிச்சலுக்கு வாய்வழியாகத் தாராளமாக ஊற்றப்பட்டு வந்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கையில் எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று அது. கன்றின் சாணத்தில் அதை வீணடித்த காலம் முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

சிகிச்சை எளியது. கன்றுகளுக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நாளுக்கு இரண்டு முறை, இரண்டு பால்வேளைகளுக்கு நடுவில் கொடுக்கச் சொன்னேன். பாலோடு கலக்கக் கூடாது. கரைசலில் உள்ள பைகார்பனேட், சிட்ரேட் போன்றவை வயிற்றில் பால் திரைவதைக் கெடுக்கும். கிராமத்துக் கடையில் கிடைப்பது மனிதர்களுக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் என்றால், லேசான நீரிழப்புக்கு அதுவும் உதவும். ஆனால் அதில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல்தான், கன்றுக்கு 90க்கு மேல் இருப்பது நல்லது.

பாலை நிறுத்தக் கூடாது. கழிகிறது என்று பாலை நிறுத்துவது நம் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் செய்வது. குடலின் உட்சவ்வு மீண்டும் வளர்வதற்கு உணவு வேண்டும். வெறும் கரைசலை மட்டும் குடித்த கன்று கழிச்சல் நிற்கும்போது எலும்பும் தோலுமாக நிற்கும். நாளுக்கு 2.6 லிட்டர் பால், அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன்.

யாருடைய பால் என்று கேட்டபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது. மூன்றாவது மாட்டுக்கு மடிநோய். செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. சொசைட்டிக்கு ஊற்ற முடியாத அந்தப் பாலைக் கீழே கொட்ட மனமில்லாமல் கிடாரிக் கன்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பல வீடுகளில் பார்க்கிறேன், கேட்டால் "கன்றாவது குடிக்கட்டுமே" என்பார்கள். ஆன்டிபயாடிக் கலந்த பால் கன்றின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் குலைத்து, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிடும். இந்தக் கழிச்சலுக்கு அந்தப் பால்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கழிகிற குடலுக்கு அது உதவியாக இருந்திருக்காது.

சாண மாதிரியை மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பினேன். ஆசிட்-ஃபாஸ்ட் முறையில் நிறமேற்றிய கண்ணாடித் தகட்டில், பச்சைப் பின்னணியில் நான்கு முதல் ஆறு மைக்ரான் அளவில் சிவப்பு உருண்டைகள்: கிரிப்டோஸ்போரிடியம். கன்று நான்காம் நாள் கெட்டிச் சாணம் போட ஆரம்பித்திருந்தது, ஊசி இல்லாமல். இந்த ஒட்டுண்ணி மனிதரையும் பிடிக்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் கன்றோடு விளையாடுவதால் கை கழுவச் சொல்லிவிட்டு வந்தேன். பிளீச்சிங் பவுடர் தூவி இதைக் கொல்ல முடியாது. வெயிலும் காய்ந்த தரையும்தான் இதற்குப் பகை, மழைக்காலத்தில் அவை இரண்டும் இல்லை.

காளைக் கன்று: 16 நாள் வயது

எடை சுமார் 29 கிலோ. வெப்பம் 104.2 டிகிரி. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140க்கு மேல். எழுப்பி நிறுத்தினால் வலது முன்னங்காலைத் தரையில் வைக்காமல் தூக்கிக்கொண்டு நின்றது.

பற்றைக் கழுவி எடுத்தேன். முட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வீங்கியிருந்தது, தொட்டால் கொதித்தது. விரலால் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் ததும்பியது. உள்ளே நீர் கோர்த்திருக்கிறது என்று பொருள். மிதிபட்ட காலாக இருந்தால் தோலில் சிராய்ப்பு இருக்கும், வீக்கம் ஒரு பக்கமாக இருக்கும், 104 டிகிரி காய்ச்சல் இருக்காது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட கன்று நொண்டினால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அதை மூட்டுக்குள் சீழ் என்றே நான் எடுத்துக்கொள்வேன். கையை அடுத்து எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது: தொப்புளுக்கு.

தொப்புள் கட்டைவிரலைவிடத் தடித்திருந்தது. மேலே மஞ்சளும் சாம்பலும் காய்ந்து ஒரு பொருக்கு. பொருக்கை ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்ததும் பச்சை கலந்த மஞ்சள் சீழ் வழிந்தது. நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மேலே காய்ந்துதானே இருந்தது, சார்" என்றார். அவர் சொன்னது சரிதான். மேலே காய்ந்துதான் இருந்தது.

கன்று வயிற்றில் இருக்கும்போது தொப்புள்கொடிக்குள் இரண்டு சிரைகளும் இரண்டு தமனிகளும் யூராக்கஸ் என்ற சிறுநீர்க் குழாயும் ஓடுகின்றன. சிரைகள் வயிற்றுக்குள் ஒன்றாகி முன்னால் கல்லீரலுக்குப் போகின்றன. தமனிகளும் யூராக்கஸும் பின்னால் சிறுநீர்ப்பை இருக்கும் பக்கம் போகின்றன. பிறந்து கொடி அறுந்ததும் தமனிகளும் யூராக்கஸும் சுருங்கி வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே தொங்கும் மிச்சக் கொடி காயும் வரை ஈரமாகக் கிடக்கும். மண் தரையில் படுக்கும் கன்றுக்கு அந்த ஈரக் கொடி நேராக உள்ளே போகும் பாதை. அங்கே குடியேறும் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து, மூட்டுகளில் போய்த் தங்குகிறது.

கன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்றுத் தசை தளர்ந்த நேரத்தில் தொப்புளுக்கு மேலே இரு கை விரல்களால் ஆழமாகத் தடவினேன். முன்பக்கம், கல்லீரலை நோக்கி, ஒன்றும் தட்டுப்படவில்லை. பின்பக்கம் பென்சிலைவிடச் சற்றுத் தடித்த கயிறு போன்ற ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தியதும் கன்று உதைத்தது. மற்ற மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன், சுத்தம். கண்ணின் முன்னறையில் சீழ் படிந்திருக்கிறதா, கழுத்து விறைத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். மூளையுறை வரை நோய் போயிருந்தால் அங்கே தெரியும். இரண்டும் இல்லை. ஒரே ஒரு மூட்டு, அதுவும் நொண்டத் தொடங்கிச் சில நாட்களே ஆனது. மூன்று நான்கு மூட்டுகள் வீங்கி, கன்று எழவே முடியாத நிலையில் இருந்திருந்தால் நான் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். அதை வெளிப்படையாகச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

மருந்துக்கு முன் மாதிரி

முதல் ஊசி போடுவதற்கு முன்பே மூட்டிலிருந்து நீர் எடுத்தேன். முடியை மழித்து, போவிடோன் அயோடினால் பலமுறை தேய்த்து, கிருமி நீக்கிய ஊசியைச் செலுத்தினேன். நல்ல மூட்டு நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்தால் பிசின் போல நூலாக நீளும். இது கலங்கிய மோர் போல வந்தது, உள்ளே வெள்ளைத் திரிகள் மிதந்தன. விரலில் நூலாகவில்லை, தண்ணீராகச் சொட்டியது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினேன்.

ஊசி போட்ட பிறகு மாதிரி எடுப்பது நம்மிடம் வேரூன்றிவிட்ட பழக்கம். மருந்து கேட்கவில்லை என்ற பிறகுதான் சோதனை ஞாபகம் வருகிறது. அதற்குள் குப்பியில் ஒன்றும் வளராது, அறிக்கையில் "வளர்ச்சி இல்லை" என்று வரும், பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்த மருந்துக்குத் தாவுவோம்.

வயிற்றுக்குள் எவ்வளவு தூரம் சீழ் ஓடியிருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. கன்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கால்நடை பன்முக மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தோம். சிரையும் கல்லீரலும் சுத்தம். யூராக்கஸ் தொப்புளை ஒட்டிச் சில சென்டிமீட்டர் தூரம் தடித்து, உள்ளே சீழோடு இருந்தது, சிறுநீர்ப்பையைத் தொடவில்லை. அதை வெட்டி எடுப்பது ஒரு வழி. மூட்டில் சீழோடும் காய்ச்சலோடும் இருக்கும் கன்றை உடனே மயக்குவதைவிட, முதலில் மருந்தால் அடக்கிப் பார்ப்போம், திரும்பவும் வந்தால் வெட்டலாம் என்று முடிவானது.

எந்த மருந்து, ஏன்

மருந்துக் கடைக்காரர் செஃப்ட்ரியாக்சோன்-டாசோபாக்டம் குப்பியை எடுத்து நீட்டினார். மாட்டுக்கு எது வந்தாலும் இப்போது அதுதான். அது அட்டவணை எச்1 மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் உள்ளது. மனிதர்களின் கடும் தொற்றுகளுக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டிய வகை என்று உலக சுகாதார நிறுவனம் முன்வரிசையில் வைத்திருப்பது. தொப்புளிலும் மூட்டிலும் வழக்கமாகக் கிடைக்கும் பாக்டீரியாக்களில் பலவும் இன்னும் பழைய பென்சிலின் குடும்பத்துக்கு அடங்குகின்றன. பழையது கேட்கும் இடத்தில் புதியதை எடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

அறிக்கை வரும் வரை ஆம்பிசிலின் தொடங்கினேன்: கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது வேளைக்கு 290 மில்லிகிராம், காலையும் மாலையும் தசையில். காலை ஊசியை நான் போடலாம். மாலை ஊசிதான் எப்போதும் தவறிப்போகும். பக்கத்து ஊரில் குடியிருக்கும் கால்நடை பராமரிப்பு உதவியாளர் அதை ஏற்றுக்கொண்டார். ஜென்டாமைசின் எண்ணத்திலேயே இல்லை. அது சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் தங்கும். என்ரோஃப்ளாக்சசினும் வேண்டாம் என்று வைத்தேன். வளரும் கன்றின் மூட்டுக் குருத்தெலும்பை அதிக அளவில் அது பாதிக்கக்கூடியது, நமக்கோ நோயே மூட்டில்தான்.

வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். வலியோடு கிடக்கும் கன்று எழுந்து பால் குடிக்காது. பால் குடிக்காத கன்றை எந்த ஆன்டிபயாடிக்காலும் காப்பாற்ற முடியாது. மெலாக்சிகாமை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கலந்த மாட்டுப் பிணத்தைத் தின்று கழுகுகள் அழிந்ததால் அதற்கு 2006இலேயே கால்நடைப் பயன்பாட்டில் தடை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபெனுக்கும் ஏசிக்ளோஃபினாக்குக்கும் வந்தது. மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாதது.

தொப்புள் கட்டியைக் கீழ்ப்பக்கம் கீறிச் சீழை வடித்து, நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவினேன். மழைக்காலத்துத் திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்து புழு வைத்துவிடும் என்பதால் சுற்றிலும் ஈ விரட்டும் களிம்பு தடவி வந்தோம். மூட்டுக்கு முக்கியமான வேலை வேறு. லேசாக மயக்கி, மூட்டின் ஒரு பக்கம் ஒரு தடித்த ஊசி, எதிர்ப்பக்கம் இன்னொன்று. ஒன்றில் ரிங்கர் லாக்டேட் திரவத்தைச் செலுத்தினால் மற்றதன் வழியாகச் சீழும் திரியும் வெளியே வரும். ஒரு லிட்டர் முழுக்கக் கழுவிவிட வேண்டும். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தேன். சீழை வெளியேற்றாமல் ஊசி மட்டும் போட்டால், சீழுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை மருந்து போய்ச் சேராது. என்னைக் கேட்டால், இந்தக் கன்று பிழைத்ததில் பாதிப் பெருமை அந்த இரண்டு ஊசித் துளைகளுக்குத்தான்.

நான்காம் நாள் அறிக்கை வந்தது: ட்ரூபெரெல்லா பயோஜெனிஸ். இரண்டு நாள் கழித்து ரத்த அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழ்) ஊசிமுனை அளவுப் புள்ளிகளாக வளர்ந்து, சுற்றிலும் ரத்தத்தைக் கரைத்துத் தெளிய வைக்கும் பாக்டீரியா. சீழ் உண்டாக்குவதில் கைதேர்ந்தது. பென்சிலினுக்கும் ஆம்பிசிலினுக்கும் அடங்கியது, சல்ஃபா-டிரைமெத்தோப்ரிமுக்கு அடங்கவில்லை. கிடாரிக்கு ஊற்றியதைப் போல இதற்கும் சல்ஃபா போலஸை ஊற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அறிக்கையிலேயே பதில் இருந்தது.

அன்றிலிருந்து புரோகெய்ன் பென்சிலினுக்கு மாற்றினேன்: கிலோவுக்கு 22,000 யூனிட், தினமும் ஒரே வேளை. ஏறத்தாழ ஆறு லட்சத்து நாற்பதாயிரம் யூனிட். 40 லட்சம் யூனிட் குப்பியில் ஆறில் ஒரு பங்கு. மெதுவாகக் கரைவதால் நாளுக்கு ஒரு ஊசி போதும், மாலை ஊசித் தொல்லை ஒழிந்தது. மருந்தியல் புத்தகத்தில் இதை ஒரு காரணமாக எழுத மாட்டார்கள். களத்தில், தவறாமல் போய்ச் சேரும் மருந்துதான் நல்ல மருந்து.

மூன்றாம் நாளும் வியாபாரியும்

மூன்றாம் நாளே காய்ச்சல் 102.4க்கு இறங்கியது. கன்று தானாக எழுந்து தாயின் மடியை முட்டியது. இந்தச் சிகிச்சையில் ஆபத்தான நாள் அதுதான். "நன்றாகிவிட்டதே, சார், இனி ஊசி எதற்கு?" என்ற கேள்வி அன்று வரும், பெரும்பாலான மூட்டுச் சீழ்கள் திரும்ப வருவதும் அன்று ஊசியை நிறுத்திய கன்றுகளில்தான். காய்ச்சல் இறங்குவது ரத்தத்தில் பாக்டீரியா குறைந்ததைக் காட்டும். மூட்டுக்குள், திரிகளுக்கு நடுவே, தடித்த யூராக்கஸுக்குள் இருப்பவை அப்போதும் உயிரோடுதான் இருக்கும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மருந்து மெதுவாகத்தான் சேரும். மூட்டுச் சீழுக்கு இரண்டு முதல் மூன்று வாரம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது வாரத்தில் வியாபாரி வந்தார். நொண்டுகிற கன்றைக் குறைந்த விலைக்கு ஓட்டிப்போகலாம் என்ற கணக்கு. ஸ்கேனுக்குப் போன வண்டி வாடகையும் மருந்தும் சேர்ந்து கன்றின் விலையை ஏற்கெனவே தாண்டியிருந்தன. கணவர் கொடுத்துவிடலாம் என்றார். அம்மா மறுத்தார். காரணம் கருணையாக இருக்கும் என்று நினைத்தேன். "இது முட்டாமல் அதன் தாய் பால் இறக்காது, சார். கன்று போனால் காலையில் நாலு லிட்டர் போய்விடும்" என்றார். கலப்பின மாடுகளிலும் கன்றைக் காட்டாமல் சுரப்பு விடாதவை நம் ஊரில் ஏராளம். கன்று செத்தால் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்திய காலமும் உண்டு. நொண்டிக் காளைக் கன்றுக்கு மூன்று வாரச் சிகிச்சை கட்டுபடியாகுமா என்ற கேள்விக்கு, எந்தப் பொருளாதாரப் பாடத்தையும்விட இது தெளிவான பதில்.

பன்னிரண்டாம் நாள் கால் தரையில் ஊன்றியது. இருபத்தொன்றாம் நாள் கடைசி ஊசி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது முட்டி மற்றதைவிடச் சற்றுத் தடித்திருந்தது, நொண்டல் இல்லை. தொப்புள் மூடியிருந்தது, குடலிறக்கம் இல்லை, ஆழமாகத் தடவியதில் கயிறு தட்டுப்படவில்லை. அறுவை தேவைப்படவில்லை.

பிறந்த இரவு

காளைக் கன்று பிறந்த இரவைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த விவரம்தான் மீதிக் கதை. இரவு பத்து மணிக்கு மேல் ஈன்றிருக்கிறது. நஞ்சுக்கொடி விழவில்லை. நஞ்சு விழும் முன் சீம்பால் கொடுத்தால் ஆகாது என்ற பழைய நம்பிக்கையில், மறுநாள் நண்பகலில் நஞ்சு விழுந்த பிறகே கன்றை மடியில் விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே வயிற்றிலேயே வந்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. கன்று அநேகமாக வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் உள்ளவற்றை அதன் குடல் அப்படியே ரத்தத்துக்குள் விடுவது பிறந்த சில மணி நேரம்தான். மணிக்கு மணி அந்தக் கதவு சாத்திக்கொண்டே வந்து, ஒரு நாள் முடிவதற்குள் மூடிவிடும். 25 கிலோ கன்று என்றால் முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் உள்ளே போயிருக்க வேண்டும். சீம்பால் குடிக்கக் கன்று முட்டும்போது தாயின் கருப்பை சுருங்கி நஞ்சும் எளிதாக விழும் என்று சொன்னபோதுதான் அம்மா நிமிர்ந்து பார்த்தார். கன்றுக்கு நல்லது என்றதைவிட மாட்டுக்கு நல்லது என்றது எடுபட்டது.

கன்றின் ரத்தத்தில் மொத்தப் புரதத்தை அளந்து சீம்பால் சேர்ந்ததா என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் அது முதல் வாரத்துக்குள் செய்ய வேண்டிய சோதனை. 16 நாள் கன்றில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை, நீர் வற்றிய கன்றில் எந்த வயதிலும் அது ஏமாற்றும். அதனால் இங்கே அளக்கவில்லை. விசாரித்ததே போதுமானதாக இருந்தது.

தொப்புள்கொடிக்கு மஞ்சளுக்குப் பதில் 7 சதவீத டிங்சர் அயோடின், சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடி முழுக்க நனையும்படி, பிறந்த உடனும் மறுநாளும். கன்றுகளை சிமெண்டுத் தரைப் பக்கம் மாற்றி, காய்ந்த வைக்கோல் பரப்பச் சொன்னேன். தரை மாறியது, வைக்கோல் மட்டும் மாட்டுக்கே போதவில்லை என்பதால் பாதி நாட்கள் இல்லை. மடிநோய் மாட்டின் பாலைக் குழியில் ஊற்ற வேண்டும் என்றதற்குக் கணவர் ஒப்பவே இல்லை, அந்த நஷ்டத்தை யார் தருவார்கள் என்று கேட்டார். கிடாரிக்குக் கொடுப்பது நின்றது என்பதோடு நானும் விட்டுவிட்டேன்.

கடைசி ஊசி போட்ட அன்று ஒரு கணக்கு பாக்கி இருந்தது. கால்நடை மருந்தின் லேபிளில் கழிவுக்காலம், அதாவது கடைசி மருந்துக்குப் பிறகு இறைச்சியையும் பாலையும் பயன்படுத்தாமல் காத்திருக்க வேண்டிய காலம், குறிக்கப்பட வேண்டும். குறிக்கப்படாவிட்டால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள், பாலுக்கு 7 நாள் என்று 2012இல் மருந்து விதிகளில் சேர்த்தார்கள். மூன்று வாரம் தொடர்ந்து பென்சிலின் குடும்ப மருந்து போட்ட கன்று இது. அதனால் 28 நாளைக் குறைந்தபட்சமாக வைத்து, அதற்கு முன் விற்கக் கூடாத தேதியைக் கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தேன். வியாபாரி அதன்பிறகும் இருமுறை வந்து கேட்டிருக்கிறார். தேதி தாண்டிய பிறகும் கன்றை விற்கவில்லை; தாய் இன்னும் கறவையில் இருந்தது.